முடித்திருப்பேன், கிளம்பியிருப்பான்: பிரெஞ்சின் ஃப்யூத்யூர் ஆன்தேரியரைத் தமிழிலிருந்தே படிக்கலாம்

பிரெஞ்சு படிக்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நிகழ்காலம் வருகிறது, முடிந்த செயலைச் சொல்கிற பாஸே கோம்போஸே வருகிறது, சாதா எதிர்காலமான ஃப்யூத்யூர் ஸாம்ப்ல் கூடக் கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. அதற்கப்புறம் ஃப்யூத்யூர் ஆன்தேரியர் என்று ஒரு பாடம் வரும், 'முடித்திருப்பேன்' என்று நாம் சொல்கிற மாதிரியான வினைவடிவம். அதைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால், "இதெல்லாம் யார் சார் பேசப்போறா, பரீட்சைக்குத்தானே" என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பேசுகிறார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் இருக்கிற கானாடுகாத்தானில் வண்டியை விட்டு இறங்கி வீட்டு முகப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயணிகள் அரை மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார்கள். நாமும் தமிழில் நாள் முழுக்க இதே மாதிரிதான் பேசிக்கொண்டிருக்கிறோம், அது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நான் காரைக்குடியில் சாயங்கால நேரத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கைடு வேலைக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே அங்கே ரிசப்ஷனில் நிற்கிறவர்கள், அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்த பிள்ளைகள் சிலர். இவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இந்தப் பாடம் கடினமானது இல்லை, நாம் போகிற வழிதான் சுற்று. நம் கையில் கிடைக்கிற புத்தகங்கள் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகச் சொல்லித் தருகின்றன. 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்' என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதுதான் அது என்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆங்கிலத்திலேயே அப்படிப் பேசுகிறார்கள்? தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றை வைத்து விளக்கினால் எப்படி ஏறும்?

சரி, ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிற ஒருவர் முந்தின ராத்திரி என்ன சொல்வார்? "நாளைக்கு நீ எந்திரிக்கிறப்ப நான் திருச்சியைத் தாண்டியிருப்பேன்." தாண்டி, இருப்பேன். இரண்டு துண்டு. 'தாண்டி' என்பது முடிந்துபோன செயல், 'இருப்பேன்' என்பது எதிர்காலத்தில் நிற்கிற துணைவினை. பிரெஞ்சிலும் அச்சாக இதே இரண்டு துண்டுதான். ஒரு துணைவினையை எதிர்காலத்தில் வைக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் முடிந்த செயலைக் காட்டும் வினைவடிவத்தை வைக்கிறார்கள். நம்மிடம் துணைவினை பின்னால் வருகிறது, அவர்களிடம் முன்னால் வருகிறது. இந்த ஒரு பத்தி மனதில் உட்கார்ந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில், ஓசைக்கு முடிந்த அளவு பக்கத்தில் எழுதுகிறேன். ஆன், ஓன் என்று வருகிற இடங்களில் ன் மூக்கோடு நின்றுவிட வேண்டும், நாக்கு மேலே போய்த் தொடக்கூடாது. எழுத்துக்கூட்டலை உங்கள் புத்தகத்தில் பக்கத்திலேயே திறந்து வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணைவினை இரண்டு. ஒன்று அவுவார் (வைத்திருப்பது), இன்னொன்று எத்ர் (இருப்பது). பாஸே கோம்போஸேயில் பார்த்த அதே இருவர்தான். அங்கே நிகழ்காலத்தில் நின்றவர்களை இங்கே எதிர்காலத்துக்கு நகர்த்துகிறோம். அவுவாருக்கு ஜோரே, த்யூ ஓரா, இல் ஓரா, நூஸோரோன், வூஸோரே, இல்ஸோரோன். எத்ருக்கு ஜெ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். இரண்டையும் வாய்விட்டு ஒரு வாரம் சொன்னால் போதும். வாலில் வருகிற ஓசைகள் எல்லா வினைக்கும் பொதுவானவை, ஃப்யூத்யூர் ஸாம்ப்ல் படித்தபோதே அவை உங்களுக்கு வந்திருக்கும்.

பக்கத்தில் நிற்கிற வினைவடிவமும் புதிதில்லை. மான்ஜே (சாப்பிட்டு), ஃபினி (முடித்து), வான்த்யூ (விற்று) என்று மூன்று குடும்பம், அப்புறம் வழக்கத்துக்கு மாறானவை கொஞ்சம்: செய்ததற்கு ஃபே, எடுத்ததற்கு ப்ரி, வைத்ததற்கு மி, பார்த்ததற்கு வ்யூ, எழுதியதற்கு எக்ரி, திறந்ததற்கு ஊவேர். ஆக, "முடித்திருப்பேன்" என்றால் ஜோரே ஃபினி. "பார்த்திருப்பார்கள்" என்றால் இல்ஸோரோன் வ்யூ. இல்லை என்று சொல்ல வேண்டுமா, துணைவினையின் இரண்டு பக்கமும் நெ, பா என்று வைத்துக் கட்டிவிட வேண்டும்: ஜெ நோரே பா ஃபினி, முடித்திருக்க மாட்டேன். 'ஏற்கெனவே' என்ற தேஜா இரண்டு துண்டுக்கும் நடுவில் போய் உட்காரும்.

இனி எப்போது அவுவார், எப்போது எத்ர் என்ற கேள்வி. தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நம்மிடம் 'இரு' ஒன்றுதான் உண்டு, அது எத்ருக்குப் பக்கத்தில் வருகிறது, அதனால் எல்லாவற்றுக்கும் எத்ர் போட்டு 'ஜெ ஸெரே ஃபினி' என்று எழுதிவிடுகிறார்கள். நான் முடித்திருப்பேன் என்பதற்கு அது சரியில்லை. பெரும்பாலான வினைகளுக்கு அவுவார்தான். போவது, வருவது, கிளம்புவது, வந்து சேர்வது, ஏறுவது, இறங்குவது, விழுவது, பிறப்பது, இறப்பது, தங்குவது என்று ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் எத்ர். அதோடு ஸெ ('தன்னை' என்கிற மாதிரி) போட்டு வருகிற வினைகள் அனைத்துக்கும் எத்ர், எழுந்துகொள்வது, குளித்துக்கொள்வது மாதிரி.

இந்தச் சின்னக் கூட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சுப் புத்தகங்கள் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும், ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். மோந்தே என்ற வினைக்கு ஏறுவது என்றும் பொருள், ஏற்றுவது என்றும் பொருள். தெஸான்த்ர் என்றால் இறங்குவது, இறக்குவது இரண்டும். பிரெஞ்சில் சொல் மாறுவதில்லை, அதனால் துணைவினையை மாற்றி வித்தியாசம் காட்டுகிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, ஏறினான், ஏற்றினான், இறங்கினான், இறக்கினான், அதே கோடுதான். தன்வினையாக இருந்தால் எத்ர், பிறவினையாக இருந்தால் அவுவார். ரிசப்ஷனில் நிற்கிற பையன் விருந்தாளியிடம், "நான் மாடிக்கு ஏறியதும் விளக்கைப் போடுகிறேன்" என்றால் அதில் 'ஏறியதும்' வரையில் கான் ஜெ ஸெரே மோந்தே. "பெட்டிகளை மேலே ஏற்றியதும் வருகிறேன்" என்றால் கான் ஜோரே மோந்தே லே வாலீஸ். இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு பெண், "அப்ப ஏறு, ஏத்துதானா?" என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் இதில் தப்பே செய்யவில்லை. ஆனால் இந்தக் கோடு இந்தக் கூட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். 'காய்ந்தது' தன்வினைதான், ஆனால் பிரெஞ்சில் அது அவுவாரோடுதான் போகும். அதனால் எல்லாத் தன்வினைக்கும் எத்ர் என்று நீட்டிவிடாதீர்கள்.

எத்ர் வந்தால் எழுவாய்க்கு ஏற்ப வினைவடிவமும் மாறும், பெண்பால் என்றால் கடைசியில் ஆங்கிலத்தில் இ என்று சொல்கிற எழுத்து ஒன்று கூடுதலாக வரும், பன்மை என்றால் எஸ். பேச்சில் பெரும்பாலும் இது கேட்காது, எழுதும்போது விட்டால் மார்க் போகும். அவுவாருக்கு அப்படி எழுவாயைப் பார்த்து மாறுவதில்லை, செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் அதைப் பார்த்து மாறும். 'நாம் பார்த்திருக்கப்போகிற வீடுகள்' என்று வீடுகளை முன்னால் கொண்டுவந்தால் விஸித்தே என்பதற்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தும் சேரும். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எழுதி எழுதித்தான் கைக்கு வரும்.

இனி முக்கியமான விஷயம், எங்கே பயன்படுத்துவது. முதல் இடம், எதிர்காலத்தில் இரண்டு காரியம் நடக்கப்போகிறது, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. முதலில் முடிகிறதற்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர், அடுத்ததற்கு சாதா எதிர்காலம். முன்னால் கான் (அப்போது), தே கெ, ஓஸித்தோ கெ (இரண்டும் 'ஆனதும்', 'ஆன உடனே'), யூன் ஃபுவா கெ (ஒரு தடவை ஆனதும்), இப்படி ஏதாவது ஒன்று வரும். 'கான் ஜோரே ஃபினி மோன் த்ராவாய், ஜெ ரான்த்ரெரே ஆ லா மேஸோன்', வேலையை முடித்ததும் வீட்டுக்குத் திரும்புவேன்.

ஆங்கில வழியாகப் படித்தவர்கள் இங்கே தவறுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'வென்' வந்தால் அதற்குப் பின்னால் நிகழ்காலம் வைத்துப் பழக்கம். அதையே பிரெஞ்சிலும் போட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சு அப்படி விடாது, நடக்கப்போவது என்றால் எதிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும், அதிலும் முதலில் முடிந்துவிடுவது என்றால் முடிந்ததாகக் காட்டியே ஆக வேண்டும். நாம் தமிழில் என்ன செய்கிறோம்? நாளைக்கு நடக்கப்போகிற காரியத்துக்கு 'முடித்ததும்' என்கிறோம், 'வந்ததும்' என்கிறோம். இன்னும் வரவே இல்லை, ஆனாலும் 'வந்த' என்று இறந்தகால வடிவத்தைத்தான் வைக்கிறோம், ஏனென்றால் அடுத்த காரியம் தொடங்கும்போது இது முடிந்துபோயிருக்கும். பிரெஞ்சுக்காரன் யோசிப்பதும் அப்படியேதான். வெளியூருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் ஆத்தா சொல்கிற "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்பதைப் பிரெஞ்சுத் தாயும் சொல்வாள்: த்யூ மெ தெலெஃபோனெரா கான் த்யூ ஸெரா அரிவே. போகிறது மகளாக இருந்தால் அரிவேயில் அந்தக் கூடுதல் எழுத்தை மறக்கக் கூடாது.

இதில் இன்னும் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது, ஆத்தங்குடிக்குப் போகிற கைடுகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே டைல்ஸ் செய்கிற பட்டறையில் நின்று விளக்குகிறோம். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள், அதற்கு மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள், சூளை கிடையாது, நெருப்பு கிடையாது, காய வைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். "கல் காய்ந்ததும் தண்ணீரில் போடுவார்கள்" என்று தமிழில் ஒரே மாதிரிதான் சொல்லுவோம், தினசரி நடக்கிற வழக்கத்தைச் சொன்னாலும் சரி, கண் முன்னால் இப்போது ஊற்றிய அந்த ஒரு கல்லைப் பற்றிச் சொன்னாலும் சரி. பிரெஞ்சில் இரண்டும் வேறு. வழக்கத்தைச் சொல்லும்போது இரண்டாவது வினை நிகழ்காலத்தில் இருக்கும், அதனால் முதல் வினை பாஸே கோம்போஸேயில் வரும்: கான் லெ காரோ ஆ ஸேஷே, ஓன் லெ மெ தான் லோ. இந்தக் குறிப்பிட்ட கல்லுக்கு இனி என்ன நடக்கும் என்று சொல்லும்போதுதான்: கான் லெ காரோ ஓரா ஸேஷே, ஓன் லெ மெத்த்ரா தான் லோ. ஆக, முதல் வினையை முடிவு செய்வது இரண்டாவது வினை. இரண்டாவது எந்தக் காலத்தில் நிற்கிறதோ, அதற்கு ஒரு படி முன்னால் முதலாவது நிற்க வேண்டும். பட்டறையில் நம் கைடுகள் பேசுவதைக் கேட்டால் இந்த இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். பயணிக்குப் புரிந்துவிடும், குற்றமில்லை. ஆனாலும் சரியாகச் சொல்கிற பையனிடம் அவர்கள் இன்னும் நாலு கேள்வி கேட்பார்கள், நின்று பேசுவார்கள். அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சு இந்த ஊர்களுக்கு நேற்று வந்த பாஷை இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்வேன். 1859-இல் சைகோனை எடுத்து, 1862 உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே காலூன்றிய பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் நம் நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர்களில் சைகோனும் ஒன்று. பர்மா, மலேயா, இலங்கை என்று பேசுகிற அளவுக்குச் சைகோனைப் பற்றி நாம் பேசுவதில்லை. அங்கே அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. வட்டிக்கடை வைத்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் தொழில் செய்தவர்களுக்கு, முதலில் இது முடிய வேண்டும், அப்புறம்தான் அது என்ற வரிசை எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! "முழுவதையும் கட்டி முடித்ததும் பத்திரத்தைத் திருப்பித் தருவேன்." கான் வூஸோரே தூ பேயே, ஜெ வூ ரான்த்ரே லெ பாபியே. முதல் வினையைச் சாதா எதிர்காலத்தில் வைத்தால் கட்டுவதும் பத்திரம் கை மாறுவதும் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி கேட்கும். ஃப்யூத்யூர் ஆன்தேரியரில் வைத்தால் பணம் முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரும். இது நானே அமைத்த வாக்கியம்தான், ஆனால் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சட்டென்று பிடிபடுகிற வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு காரியத்தையும் செய்கிறவர் ஒருவரே என்றால் 'அப்ரே கெ' (பிறகு) போடுவதை பிரெஞ்சுக்காரர்கள் விரும்புவதில்லை. அப்ரே ஸாவுவார் மான்ஜே, ஜெ ஸோர்த்திரே என்பார்கள். 'சாப்பிட்டுவிட்டு வெளியே போவேன்' என்று நாம் எச்சத்தில் சொல்வது மாதிரி. ஆள் மாறினால் நாமும் 'அவர் சாப்பிட்ட பிறகு நான் போவேன்' என்று மாற்றிவிடுகிறோம் இல்லையா, அவர்களும் அங்கேதான் 'அப்ரே கெ' கொண்டுவருகிறார்கள். கான் போட்டால் இந்தத் தடை இல்லை, ஒரே ஆளாக இருந்தாலும் போடலாம்.

இன்னொரு இடம், ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு அதற்குள் முடிந்திருக்கும் என்று சொல்வது. திஸி (அதற்குள்) என்ற சொல் இங்கே அடிக்கடி வரும். 'திஸி மிதி, நூஸோரோன் விஸித்தே த்ருவா மேஸோன்', மத்தியானத்துக்குள் 3 வீடு பார்த்து முடித்திருப்போம். திட்டம் சொல்கிற கைடு இதைத் தினமும் பயன்படுத்தலாம். இது நமக்கு ஒரு சிரமமும் தராது, அதனால் மேலே போகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. நடந்து முடிந்துபோன ஒன்றைப் பற்றி ஊகிப்பதற்கும் இதே ஃப்யூத்யூர் ஆன்தேரியரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் எடுக்கிறார்கள். போன குளிர்காலத்தில் என்னிடம் படிக்கிற ஒரு தம்பி, ஒரு வயதான அம்மாளை ஒரு பெரிய வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தான். வளவுக்குள், அதாவது வீட்டு உள்முற்றத்துக்குள் வந்து தூண்களை அண்ணாந்து பார்த்த அந்த அம்மாள் கைப்பையைத் துழாவிவிட்டு, 'ஜோரே ஊப்லியே மே ல்யூனெத் தான் லா வுவாத்யூர்' என்றார். தம்பிக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். மறதி, கண்ணாடி, வண்டி. ஆனால் எதிர்காலத்தில் சொல்கிறாரே, இனிமேல் மறக்கப்போகிறாரா என்று குழம்பிப் போய், அன்று சாயங்காலமே வந்து என்னிடம் கேட்டான். நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: உன் வண்டிச் சாவியைக் காணோம், பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறாய், வாயில் என்ன வரும்? "கடையிலேயே வச்சிருப்பேன்" என்றான். சொன்ன மறு நொடியே அவனுக்குப் புரிந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். 'வைத்திருப்பேன்' என்பது எதிர்கால வடிவம். ஆனால் வைத்தது எப்போதோ நடந்துவிட்டது. எதிர்காலத்தில் இருப்பது நம் உறுதிப்படுத்தல் மட்டுமே, போய்ப் பார்த்தால் தெரியும் என்கிற அர்த்தம். ஒருவர் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் "ரயிலை விட்டிருப்பார்" என்கிறோம், பிரெஞ்சில் 'இல் ஓரா ராத்தே லெ த்ரான்'. ஸ்டேஷனுக்கு இப்போது போய் என்ன பயன், "பல்லவன் இந்நேரம் கிளம்பியிருக்கும்" என்கிறோம், 'லெ த்ரான் ஸெரா தேஜா பார்த்தி'. பதில் வரவில்லை, "செய்தி கிடைத்திருக்காது", 'இல் நோரா பா ரெஸ்யூ லெ மெஸாஜ்'. முடிந்துவிடும் என்பதற்கும் முடிந்திருக்கலாம் என்பதற்கும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிற இந்தப் பழக்கம் எங்கோ பாரிஸிலும் இருக்கிறது, இங்கே பள்ளத்தூர்த் திண்ணையிலும் இருக்கிறது. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போனதில்லை, இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை முதலில் கவனித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

பேச்சில் இதைவிட அதிகமாகக் கேட்கிறது இன்னொரு வழி: 'இல் ஆ த்யூ ராத்தே லெ த்ரான்'. விட்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்குச் சமம். இரண்டுமே சரி. நீங்கள் பேசும்போது எது சுலபமோ அதை எடுங்கள், ஆனால் காதில் விழும்போது இரண்டையும் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

நம்முடைய 'இருப்பேன்' கூடவே வராத ஒரு பயன்பாடும் இருக்கிறது. நடந்து முடிந்ததை மொத்தமாகத் திரும்பிப் பார்த்து ஒரு தீர்ப்பு மாதிரி சொல்லும்போது பிரெஞ்சுக்காரர்கள் இதைப் போடுவார்கள். வருடக் கடைசியில் பத்திரிகைகளில் 'இந்த ஆண்டு கடினமான ஆண்டாக அமைந்தது' என்பதை ஃப்யூத்யூர் ஆன்தேரியரில் எழுதியிருப்பார்கள். பேச்சில் 'ஓனோரா தூ வ்யூ' என்று ஒன்று உண்டு, "இதையும் பார்த்தாச்சு, இனி பார்க்க என்ன இருக்கு" என்று அலுத்துக்கொள்கிற தொனி. சொன்ன பேச்சைக் கேட்காமல் மாட்டிக்கொண்டவனிடம் 'த்யூ லோரா வூல்யூ' என்பார்கள், நீயாகத் தேடிக்கிட்டது என்று. இங்கே தமிழில் 'ஆச்சு'தான் வருகிறது, 'இருப்பாய்' என்று போட்டால் பொருள் மாறிவிடும். இவற்றை முழு வாக்கியமாக மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது. டெல்ஃப் பி2 என்கிற பிரெஞ்சுத் தேர்வை எழுதப் போகிறவர்கள் பிரெஞ்சுச் செய்திகளைக் கொஞ்சம் வாசித்தால் இந்தப் பயன்பாடு தானாகக் கண்ணில் படும்.

எச்சரிக்கை இரண்டு. நிபந்தனை சொல்கிற ஸி வந்தால் அதற்குப் பின்னால் எந்த எதிர்காலமும் வரக்கூடாது. 'நீ 5 மணிக்குள் முடித்துவிட்டால்' என்பதற்கு ஸி த்யூ ஆ ஃபினி, பாஸே கோம்போஸே, அவ்வளவுதான். ஆனால் அதே ஸி 'முடித்திருப்பானோ என்னவோ தெரியாது' என்கிற ஐயப் பொருளில் வந்தால் தடை இல்லை: ஜெ நெ ஸே பா ஸில் ஓரா ஃபினி. ஓகாரம் போட்டுச் சந்தேகமாகச் சொல்லத் தோன்றுகிற இடத்தில் வரலாம், 'ஆல்' போட்டுச் சொல்கிற இடத்தில் வராது.

மற்றது இன்னும் பெரிய பள்ளம், அதுவும் தமிழர்களுக்கென்றே வெட்டியது. நம்முடைய 'இருப்பேன்' இன்னொரு வேலையும் செய்கிறது. "நீ வந்திருந்தால் நான் காட்டியிருப்பேன்." வரவும் இல்லை, காட்டவும் இல்லை. இது நடக்காமல் போனது. பிரெஞ்சில் இதற்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் கிடையாது, கோந்திஸியோனெல் பாஸே. நான் என்று வரும்போது இரண்டுக்கும் ஓசையில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை, எழுத்தில்தான் ஜோரேயின் கடைசியில் ஒரு எஸ் வரும். அதனால் 'இருப்பேன்' என்று மனதில் ஓடும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். முன்னால் 'இருந்தால்' இருக்கிறதா? இருந்தால் அது வேறு பாடம்.

இந்த வாரம் வகுப்பில் கொடுத்த 4 வாக்கியங்களை இங்கேயும் தருகிறேன், விடையைப் பார்க்காமல் முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாளைக்கு 8 மணிக்கு வண்டி வந்திருக்கும். நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் பெட்டிகளை இறக்குவேன். டிரைவர் வழி தவறியிருப்பார். நீங்கள் முன்னாடியே சொல்லியிருந்தால் வேறு வண்டி பிடித்திருப்பேன்.

முதலாவது, தெமான் ஆ யுயித் அர், லா வுவாத்யூர் ஸெரா அரிவே. வண்டி பிரெஞ்சில் பெண்பால், அதனால் அந்தக் கூடுதல் எழுத்து உண்டு. இரண்டாவது, கான் வூஸோரே ஃபினி தெ மான்ஜே, ஜெ தெஸான்த்ரே லே வாலீஸ். இதில் இறக்குவது சாதா எதிர்காலம், துணைவினையே வேண்டாம், இங்கே அவுவாரா எத்ரா என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் வகுப்பில் நிறையப்பேர். மூன்றாவது, லெ ஷோஃபர் ஸெ ஸெரா த்ரோம்பே தெ ரூத். ஊகம், அதோடு ஸெ வந்திருப்பதால் எத்ர். நான்காவது, ஸி வூ மெ லாவியே தி, ஜோரே ப்ரி யூன் ஓத்ர் வுவாத்யூர். அந்த ஜோரேக்கு எஸ் போட்டீர்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.